பிடியரிசியில் கட்டின வார்ட்டு

போன கிழமை ஒரு கலியாண வீட்டுல, என்ட வயசுக்காரி ஒருத்தி வெத்திலையைப் போட்டுக்கிட்டுப் பெரிய கதை கதைச்சா. "எங்கட காலத்துப் பொம்புளைகள் றோட்டுக்கு இறங்கினதா, கூச்சல் போட்டதா? ஆம்புளைகள் பாத்துக்குவாங்க, நாங்க அடுப்படியோட இருந்தம்" எண்டா. சுத்தி இருந்த நீங்க எல்லாரும் "ஓம் ஓம்" எண்டு தலையாட்டினீங்க. கலியாண வீடு எண்டு நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தன். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கல்ல. அதான் எழுதுறன். கண்ணாடி போட்டு வாசிக்க ஏலுமானவள் மத்தவளுகளுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

பொய் கா. பச்சைப் பொய். இறங்கினம். உங்கட உம்மாமாரும் இறங்கினாங்க. அவங்க விரிச்ச பாயிலதான் நீங்க உருண்டு விளையாடினீங்க, கச்சான் கொட்டை திண்டு கோதை என்ட தலையில எறிஞ்சீங்க. அதை எப்படிக்கா மறந்தீங்க?

சூறாவளி அடிச்சு ரெண்டு மூணு வருசத்துக்குப் பிறகு நடந்த சங்கதி இது. எனக்கு அப்ப பதினொரு வயசு. அந்தச் சூறாவளி எங்கட ஊர் ஆஸ்பத்திரியில புள்ளப்பேறு பாக்கிற கட்டிடத்துட கூரையைத் தூக்கிக்கொண்டு போய் வயலுக்க போட்டுட்டு. மிச்சம் நிண்ட நாலு சுவருக்குள்ள ஆடு படுத்துது. மருந்து குடுக்கிற கட்டிடம் மட்டும் தப்பினது. அதுல ஒரு மேசையும் ஒரு வாங்கும் டொக்டருக்குப் பதிலா ஒரு அப்போதிக்கரி ஐயாவும் இருந்தாங்க. பேறு கடினம் எண்டா உழவு மெசின் பெட்டியில ஏத்தி, தூரத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மாரி எண்டா வழியில கிடக்கிற தாம்போதிக்கு, அந்தப் பதிஞ்ச பாலத்துக்கு, மேலால இடுப்பளவு தண்ணி பாயும்.

என்ட கூடப்பிறந்த ராத்தாட முதல் புள்ள அந்தத் தாம்போதிக்கு இஞ்சால, மெசின் பெட்டிக்குள்ள, உமி மூட்டைக்கு மேலதான் பிறந்து, மூச்சடங்கி மவுத்தானது. அவட புருசன், என்ட மச்சான்தான் மெசின் ஓட்டினார். தண்ணி வத்தட்டும் எண்டு அந்த ஆள் ஸ்டியறிங்கைப் புடிச்சிக்கிட்டு அழுதுகொண்டு இருந்ததாம்.

அதுக்குப் பிறகுதான் புள்ளப்பேறு வார்ட்டைத் திரும்பக் கட்ட எண்டு பொம்புளைகள் பிடியரிசி சேக்கத் தொடங்கினது. உலை வைக்க முந்தி ஒரு பிடி அரிசியை எடுத்து முட்டிக்குள்ள போடுறது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நாங்க பொம்புளைப் புள்ளைகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவம். சிவப்பரிசி, வெள்ளையரிசி, புழுங்கல், பச்சை எல்லாம் ஒண்டாக் கலந்து கிடக்கும். ஒரு வீட்டுல ஒரு சுண்டு கிடைக்கும், ஒரு வீட்டுல வண்டு புடிச்ச அரைப் பிடி கிடைக்கும். ஒண்டும் இல்லாத வீட்டுக்காரி, இண்டைக்கு உலை வைக்கல்ல புள்ள எண்டு சொல்லிட்டு வேலியில புடுங்கின முருங்கைக்கீரையைத் தருவா. அதையும் வித்தம். அந்தக் காசுலதான் சீமெந்து வந்தது, கல்லு வந்தது. ஆம்புளைகள் சிரமதானம் செஞ்சாங்க, இல்லை எண்டு சொல்லல்ல. கட்டிலும் சாமானும் அரசாங்கம் தந்தது. ஆனா அந்தச் சுவர் எழும்பினது எங்கட உம்மாமாருட வயித்துல இருந்து எடுத்த அரிசியில. அதை மறந்துடாதீங்க.

வார்ட்டு முடிஞ்சது. வெள்ளை அடிச்சது. சுண்ணாம்பு மணம் றோட்டு வரைக்கும் வந்தது. ஜன்னல் கண்ணாடியில மூக்கை வைச்சுப் பாத்தா உள்ளுக்கு எட்டுக் கட்டில், பொலித்தீன் உறையும் கழட்டாம. ஒட்சிசன் சிலிண்டர் ஒண்டு மூலையில. எல்லாம் புதுசு. கதவுல புதுப் பூட்டு.

பூட்டின்ட திறப்பு எங்க இருந்தது தெரியுமா? என்ட வாப்பாட இடுப்புல.

வாப்பா எங்கட குடிக்கு மரைக்கார். பள்ளிவாசல் நிர்வாகத்துல ஒவ்வொரு குடிக்கும், வம்சத்துக்கும் ஒருத்தர் இருப்பாங்கதானே, அதுல ஒருத்தர். ஆஸ்பத்திரிச் சபையிலயும் இருந்தார். கடுமையான நேர்மைக்காரன். ஊரான் ஆராவது மக்காவுக்குப் போனா பொண்டாட்டிட தாலிக்கொடியை வாப்பாட்டத்தான் குடுத்துட்டுப் போவான். அதனால வார்ட்டுத் திறப்பையும் சபை அவர்ட கையில குடுத்தது. வாப்பா அதைப் பச்சை இடுப்பு வாருக்குள்ள, பணம் வைக்கிற பையில வைச்சுக்கொண்டார். தொழப் போனாலும் கழட்டல்ல. "இது அமானிதம் புள்ள. ஊர் என்னை நம்பித் தந்தது" எண்டு என்னட்டக் காட்டினார். எனக்கு எவ்வளவு பெருமை! பள்ளிக்கூடத்துல அளந்து திரிஞ்சன். அந்தப் பெருமையை நினைச்சா இப்ப எனக்கு என்னிலயே அருவருப்பு.

ஏன் திறக்கல்ல எண்டா, ஒரு பெரிய மனுசர் வந்து நாடா வெட்டணுமாம். ஆர் எண்டு பேர் சொல்ல மாட்டன். சொன்னாலும் உங்களுக்கு இப்ப விளங்காது, அந்தாள்ட பேரை அந்தாள்ட புள்ளைகளே மறந்திருக்கும். முதல் ஒரு நாள் குறிச்சாங்க. தென்னோலைத் தோரணம் கட்டினாங்க. வரல்ல. தோரணம் காஞ்சு கொட்டினது. ரெண்டாவது நாள் குறிச்சாங்க, வண்ணக் கடதாசி ஒட்டினாங்க. மழைக்குச் சாயம் இறங்கி வெள்ளைச் சுவரெல்லாம் நீலமும் சிவப்பும். மூணாவது நாளும் வரல்ல. ராத்தாக்கு அப்ப திரும்பவும் வயித்துல எட்டு மாசம்.

சோறு வைக்கும்போது உம்மா கேட்டா. "இஞ்சேருங்க, அந்தாள் வந்தா வரட்டும். இப்ப திறந்து விட்டா என்ன? நாடாவைப் பிறகு வெட்டட்டுமே."

வாப்பா சோத்துல இருந்து கையை எடுத்துட்டார். "கந்தூரியில சஹன் வைச்சா, சபையில மூத்தவர் கை வைக்க முந்தி நீ கை வைப்பியா? அழைச்ச விருந்தாளி வர முந்தி ஆராவது சாப்பிடுவாங்களா? மானம் மரியாதை எண்டு ஒண்டு இல்லையா?"

சஹனாம்! ஆறு பேர் சுத்தி இருந்து திங்கிற சோத்துத் தட்டும், பொம்புளை உயிரைக் குடுத்துப் புள்ள பெறுற கட்டிலும் அவருக்கு ஒண்டு. சோறு ஆறினா திரும்பச் சூடாக்கலாம். உம்மா சோத்துக்கு மேல ஆணத்தை ஊத்திட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அடுத்த நாள் விடியவே மருத்துவிச்சி வந்தா. எங்க எல்லாருட தொப்புள் கொடியையும் வெட்டினவ அவதான். கட்டையாக, கறுப்பாக, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பா. வாய் எண்டா வாய், மரைக்கார்மாரே றோட்டை மாறிப் போவாங்க. ராத்தாட வயித்தைத் தடவிப் பாத்தா. முகம் மாறிட்டு. உம்மாவைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா, நானும் வாளியோட பக்கத்துல நிண்டன்.

"புள்ள குறுக்கே கிடக்கு கா. திரும்பினா நல்லம். திரும்பல்ல எண்டா இது என்ட கைக்கு ஏலாது. நான் முப்பது வருசமா கொடி வெட்டுறன், எனக்கு ஏலாதது எது எண்டு எனக்குத் தெரியும். உன்ட புருசன்ட இடுப்புல கிடக்கிற திறப்பு வேணும்."

"கேட்டன் மாமி. தரமாட்டாராம்."

"அப்ப கேக்கிற மாதிரிக் கேப்பம். பாயை எடு."

அப்படித்தான் தொடங்கினது. கூட்டம் இல்ல, தலைவி இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. மருத்துவிச்சி தெருத் தெருவாகப் போய் வயித்துப் புள்ளைக்காரி இருக்கிற வீடெல்லாம் கூப்பிட்டா. மதியம் லுஹர் தொழுகைக்கு முந்தி அறுபது எழுபது பொம்புளைகள் பன்பாயைச் சுருட்டி இடுப்புல இடுக்கிக்கொண்டு வந்து வார்ட்டு வாசலை அடைச்சு இருந்துட்டாங்க. எங்கட உம்மாவும். மரைக்கார்ட பொண்டாட்டி, மரைக்கார் வைச்சிருக்கிற திறப்புக்கு எதிரா! கலண்டர் மட்டையை நான் பின்பக்கமாத் திருப்பி, கரித்துண்டால எழுதினன். உம்மாமாருல கன பேருக்கு எழுதத் தெரியாதே. "கதவைத் திற" எண்டு ஒண்டு. "இது எங்கட அரிசி" எண்டு ஒண்டு, அது மருத்துவிச்சி சொன்ன வசனம். கரி கையெல்லாம் அப்பிட்டு.

தேத்தண்ணிக் கடையில இருந்த வெறும்பயலுகள் நல்லாச் சிரிச்சானுகள். "என்ன, எல்லாருக்கும் ஒரே நாள்ல நோவு புடிச்சிட்டா?" எண்டு ஒருத்தன் கத்தினான். மருத்துவிச்சி எழும்பி நிண்டு, "உன்ட உம்மாக்கு உன்னைப் பெற மூணு நாள் நோவுடா. தலை பெரிசு, உள்ளுக்கு ஒண்டும் இல்ல!" எண்டா. கடையே அடங்கிட்டு. நாங்க புள்ளைகள் சிரிச்சுப் புரண்டம். எனக்கு அது பெருநாள் மாதிரித்தான் இருந்தது. கஞ்சி வந்தது, கச்சான் வந்தது. ராத்தா மட்டும் சுவரில சாஞ்சு, வயித்துல கை வைச்சுக்கொண்டு, சிரிக்காம இருந்தா.

ரெண்டு நாள் அப்படி இருந்தம். பொலிசு வந்து பாத்துட்டுப் போனது. சபைத் தலைவர் வந்து, "இது பொம்புளைகளுக்கு அழகா?" எண்டு கேட்டார். "நாங்க அழகுக்கு வரல்ல" எண்டு ஆரோ சொன்னாங்க. ரெண்டாம் நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்தார்.

வாப்பா சத்தம் போடல்ல. தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, எல்லாருக்கும் சலாம் சொல்லிட்டு, "வாற வெள்ளிக்கிழமை கட்டாயம் வாறாராம். ஆளனுப்பிச் சொல்லியிருக்கார். நான் பொறுப்பு. என்ட சொல்லை நம்பி எழும்புங்க" எண்டார். ஒருத்தரும் அசையல்ல. அப்ப உம்மாவைப் பாத்தார். மரைக்கார்ட பொண்டாட்டி எழும்பினா மத்தவளுகளும் எழும்புவாளுகள் எண்டு அவருக்குத் தெரியும். "நீ எழும்பு புள்ள" எண்டார், மெதுவா.

உம்மா எழும்பிட்டா.

இருபது வருசம் பொய் சொல்லாத ஒரு மனுசன்ட சொல்லுக்கு எழும்பினா. அவவை நான் குத்தம் சொல்லல்ல. ஆனா அந்தப் பாயை அவ சுருட்டினது இப்பவும் என்ட கண்ணுக்குள்ள நிக்குது. ஒண்டொண்டா எல்லாப் பாயும் சுருண்டது. மருத்துவிச்சிதான் கடைசி. வெத்திலையைத் துப்பிட்டு, "உங்கட நாக்கை நம்புறன் மரைக்கார். அந்தாள்ட நாக்கை இல்ல" எண்டு சொல்லிட்டுக் காலை இழுத்து இழுத்துப் போனா.

வெள்ளிக்கிழமை வந்தது. மனுசன் வரல்ல. வேற இடத்துல வேற கூட்டமாம். வாப்பா பள்ளியில இருந்து வந்து, சேட்டுப் பொத்தானும் கழட்டாம, சாய்மனைக் கதிரையில இருந்தார். உம்மா தேத்தண்ணி வைச்சிட்டு முகத்தைப் பாக்காம போனா.

செவ்வாய்க்கிழமை காலம்பற ராத்தாக்கு நோவு கண்டது. வானம் ஓட்டையாகிக் கொட்டுது. தாம்போதியைக் கடக்க ஏலாது எண்டு மச்சான் போய்ப் பாத்துட்டு வந்துட்டார். மருத்துவிச்சி கை வைச்சுப் பாத்தா, புள்ள திரும்பல்ல. "வார்ட்டுக்குத் தூக்குங்க!" எண்டு கத்தினா. மச்சானும் பக்கத்து வீட்டு ஆக்களும் ராத்தாவைக் கதிரையோட தூக்கினாங்க. நான் குடையைப் புடிச்சிக்கொண்டு ஓடினன். அப்போதிக்கரி ஐயா ஓடி வந்து பாத்தார். நல்ல மனுசன், பக்கத்துத் தமிழ் ஊர் ஆள். "சாமான் எல்லாம் உள்ளுக்க கிடக்கு. கதவைத் திறங்க, கெதியாத் திறங்க" எண்டார்.

வாப்பா அங்கதான் நிண்டார். கை இடுப்பு வாருக்குப் போனது. நான் பாத்தன். பொத்தானைக் கழட்டினார். பிறகு திரும்பவும் பூட்டினார்.

"அஞ்சு நிமிசம். தலைவர்ட ஒரு சொல் கேட்டுட்டு ஓடி வாறன்" எண்டார்.

உம்மா அவர்ட கையைப் புடிச்சா. சனத்துக்கு முன்னால அவ அவரைத் தொட்டு நான் பாத்தது அண்டைக்குத்தான். "இது உங்கட மகள்! உங்கட மகள்!"

"என்ட மகள் எண்டதாலதான் கேக்கணும். வேற ஒருத்தன்ட புள்ள எண்டா இப்பவே திறந்திருப்பன். மரைக்கார் ஊருக்குத் திறக்கல்ல, தன்ட மகளுக்கு எண்டவுடன திறந்தான் எண்டு நாளைக்கு ஊர் கதைக்கும். அமானிதத்துல மோசம் செஞ்சவனாக நான் மவுத்தாக மாட்டன்." சொல்லிட்டு மழையில சைக்கிளை மிதிச்சார்.

கேளுங்க கா, இதைத்தான் நான் நாப்பது வருசமா மெண்டு முழுங்கிக்கொண்டு இருக்கிறன். அந்தாள் கெட்டவன் எண்டா எனக்கு லேசு. ஏசிட்டுப் போயிடலாம். நல்ல மனுசன். ஊர் வாய்க்குப் பயந்த நல்ல மனுசன். திறப்பை இடுப்புல கட்டிக்கொண்டே, திறக்கலாமா எண்டு கேக்கப் போன நல்ல மனுசன்.

தலைவர்ட வீடு அடுத்த தெரு. அஞ்சு நிமிசம் எண்டது சரிதான். ஆனா தலைவர் வீட்டுல இல்ல, வெள்ளம் பாக்கச் சவளக்கடைப் பக்கத்து வயலுக்குப் போயிட்டாராம். வாப்பா அங்கயும் போனார். நாங்க காத்திருந்தம். அதுதான் எங்கட முட்டாள்தனம். இப்ப வருவார், இப்ப வருவார் எண்டு றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டம். ராத்தா வார்ட்டுப் படிக்கட்டுல கிடந்தா. தாழ்வாரத்தால வழிஞ்ச தண்ணி அவட கால்ல விழுந்தது. முதல் "உம்மா உம்மா" எண்டா. பிறகு "திறங்களன், திறங்களன்" எண்டா. பிறகு சத்தமே இல்ல.

மருத்துவிச்சி எழும்பினா. ஆஸ்பத்திரிக் குசினிக்குப் போய் விறகு கொத்துற கோடாலியைக் கொண்டு வந்தா. பூட்டு புதுசு, அசையல்ல. பூட்டை விட்டுட்டுக் கதவு நிலையைக் கொத்தினா. மரத்தூள் பறந்தது. கொண்டியோட பூட்டு கழண்டு விழுந்தது. அப்போதிக்கரி ஐயா பொலித்தீனைக் கிழிச்சார், ராத்தாவை ஏத்தினாங்க. என்னை வெளிய தள்ளிட்டாங்க.

நான் ஜன்னலுக்குக் கீழ நிண்டு காது குடுத்தன். அழுற சத்தம் வரும் வரும் எண்டு நிண்டன். வரல்ல.

கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா எண்டு ஐயா சொல்லத் தொடங்கிட்டு, பாதியில நிப்பாட்டிட்டார். ராத்தா தப்பினா. புள்ள ஆம்புளைப் புள்ள.

அப்பதான் வாப்பா வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. தூரத்துல இருந்தே கத்திக்கொண்டு வந்தார். "ஓம் எண்டுட்டார்! ஓம் எண்டுட்டார்! திறக்கட்டாம்!" கையில திறப்பு. சைக்கிளைப் போட்டுட்டுப் படியில ஏறினவர், கொத்துப்பட்ட நிலையைப் பாத்து நிண்டுட்டார்.

உம்மா புள்ளையை வெள்ளைத் துணியில சுத்தி வெளிய கொண்டு வந்தா. மையவாடிக்கு அடக்கக் கொண்டு போக ஆம்புளை கையில குடுக்கணுமே. வாப்பா ரெண்டு கையையும் நீட்டினார். உம்மா குடுக்கல்ல. "உங்கட கை சும்மா இல்லையே. அமானிதம் கிடக்கு" எண்டா. மச்சான்ட கையில குடுத்துட்டா.

பிறகு பள்ளியில விசாரணை வைச்சாங்க. கதவை உடைச்சது ஆர் எண்டு கேட்டாங்களாம், வெக்கம் கெட்ட சனங்கள். மருத்துவிச்சி பள்ளி வாசல்லயே நிண்டு, "நான்தான். இன்னொரு கதவு பூட்டிக் கிடந்தா சொல்லி அனுப்புங்க" எண்டா. அதோட சரி. அந்தக் கதவு நிலையை ஒருத்தரும் திருத்தல்ல, வார்ட்டைத் திரும்பப் பூட்ட ஏலாமலே போயிட்டு. அப்போதிக்கரி ஐயா ஒருத்தரிட்டயும் கேக்காமலே வேலையைத் தொடங்கிட்டார். ஒவ்வொருத்தியா வந்தாளுகள். பெத்தாளுகள். போனாளுகள்.

ரெண்டு மாசத்துக்குப் பிறகு பெரிய மனுசர் வாறார் எண்டு திரும்பவும் தோரணம் கட்டினாங்க. மூணு ஜீப், மைக், மாலை. நிலையை மறைச்சுச் சிவப்புச் சீலை தொங்கவிட்டு, நாடா கட்டினாங்க. உள்ளுக்கு அப்ப மூணு பொம்புளைகள் பச்சைப் புள்ளையோட கிடந்தாங்க. சபைக்காரங்க வந்து, ஒரு மணித்தியாலத்துக்குப் பின்பக்கத்தால போய் மரத்துக்குக் கீழ இருங்க, வெட்டி முடிஞ்ச பிறகு வரலாம் எண்டாங்க. புது வார்ட்டு வெறுமையா இருக்கணுமாம், படம் எடுக்க. அவளுகள் பயந்து புள்ளையைத் தூக்கினாளுகள்.

அதுல ஒருத்திக்குச் சோறு கொண்டு போன ராத்தாவும் உம்மாவும் நானும் அங்க நிண்டம். ராத்தா அந்த ரெண்டு மாசமும் நாலு வார்த்தை கதைச்சிருக்க மாட்டா. சோத்துக் கிண்ணத்தைக் கீழ வைச்சா. வாசலோட இருந்த வெறுங் கட்டில்ல ஏறி, காலை நீட்டி, படுத்துட்டா.

வாப்பாவை அனுப்பினாங்க. வேற ஆரை அனுப்புவாங்க? வாப்பா கட்டிலுக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சார். "மகள், எழும்பு. ஒரு மணித்தியாலந்தான். பெரிய மனுசர் வாசல்ல நிக்கிறார்" எண்டார்.

ராத்தா முகட்டைப் பாத்துக்கொண்டே சொன்னா. "நான் படிக்கட்டுல கிடந்ததும் ஒரு மணித்தியாலந்தான் வாப்பா."

வாப்பா நிமிந்தார். பிறகு திரும்பி உம்மாவைப் பாத்தார். புள்ளையைத் தூக்கிக்கொண்டு நிண்ட மூணு பொம்புளைகளும் உம்மாவைத்தான் பாத்தாளுகள்.

உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய், ராத்தாட கால்மாட்டில ஏறி இருந்தா.

"விருந்தாளியை உள்ளுக்கு வரச் சொல்லுங்க" எண்டா. "நாங்க இருக்கிறம்."